கணக்கில் விட்டுப்போன மத்தியானம்

"என் கணக்கு தப்பு" என்று என் கைப்பட எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். விழுப்புரத்தில் ஒரு பஸ் ஷெட்டில், கிரீஸ் படிந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அப்படி எழுதாதே என்று எனக்கு மேலே இருந்தவர் நயமாகவும் சொன்னார், மிரட்டியும் சொன்னார். கேட்கவில்லை. இன்றைக்கு அதே பெஞ்சில் உட்கார வைத்தாலும் அதே வரியைத்தான் எழுதுவேன், அதுவும் கொட்டை எழுத்தில்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மெட்ராஸுக்கு வெளியே இருந்த ஒரு டயர் கம்பெனியில், டிசைன் பிரிவில் நான் இன்ஜினியர். அந்தப் பிரிவில் புடவை கட்டியவள் நான் ஒருத்திதான். சொந்த ஊர் திண்டிவனம். அங்கே என் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

அப்போது எங்கள் கம்பெனியில் டயர் வடிவமைக்கிற முறை ரொம்பச் சுலபம். ஒரு டயரைச் செய்வார்கள். வண்டியில் மாட்டி ஓடவிடுவார்கள். அது ஒரு நாள் வெடிக்கும். வெடித்த இடத்தில் கொஞ்சம் ரப்பரைக் கூட்டி மறுபடி ஓடவிடுவார்கள். இந்த முறை வேறு இடத்தில் வெடிக்கும். இப்படியே மாதங்கள் போகும், வருடமும் போகும். வெடிக்கிற டயருக்கு மேலே ஒரு பஸ் இருக்கிறது, அதற்குள் ஜனங்கள் இருக்கிறார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஓடுவதற்கு முன்பே எந்த இடம் நோகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாமே என்று நான் சொன்னபோது, வேலைக்கு வந்த ஜோரில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

நான் விடவில்லை. டயரைக் குறுக்கே அறுத்தால் தெரிகிற வடிவத்தைப் பெரிய தாளில் வரைந்து, அதைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு முக்கோணத்துக்கும், இது ரப்பர், இது நைலான் நூல், இது இவ்வளவு வளையும், வளைந்தால் இவ்வளவு சூடாகும் என்று எண்களைக் கொடுத்தேன். உள்ளே எவ்வளவு காற்று, மேலே எவ்வளவு பாரம், வண்டி என்ன வேகம் என்பதையும் சேர்த்தேன். எல்லாவற்றையும் துளை போட்ட அட்டைகளில் ஏற்றி, ஒரு கல்லூரியில் இருந்த பெரிய கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவேன். அதன் நேரத்தில் கொஞ்சத்தை எங்கள் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவேன். எவனாவது இடித்து அட்டைகள் கலைந்தால் அன்றைய வேலை நாசம் என்பதால், இடிக்கிறவன் எவனாக இருந்தாலும் அவனுக்கு அன்றைக்கு நல்ல அர்ச்சனை கிடைக்கும்.

கம்ப்யூட்டருக்குள்ளே டயர் ஓடும். வெளியே ஒரு சொட்டு டீசல் செலவாகாது. முடிவில் பாய் அகலத்துக்குக் காகிதம் வரும், காகிதம் முழுக்க எண்கள். அந்த எண்களைப் பார்த்து, என் முக்கோணப் படத்தில் கலர் பென்சிலால் தீட்டுவேன். ஆறிக் கிடக்கிற இடம் நீலம், வெதுவெதுப்பு மஞ்சள், கொதிக்கிற இடம் சிவப்பு.

"என்னம்மா, இன்னைக்குக் கோலம் போட்டாச்சா?" என்று பக்கத்து மேஜைக்காரர் தினமும் கேட்பார்.

"போட்டாச்சு சார். கோலத்துல தப்பு இருந்தா தண்ணி ஊத்தி அழிச்சிடலாம். உங்க டயர்ல தப்பு இருந்தா பஸ் கவிழ்ந்த பிறகுதான் தெரியும்" என்றேன் ஒரு நாள். அதற்கப்புறம் அவர் என்னிடம் கோலத்தைப் பற்றிப் பேசவில்லை.

எனக்குத் தலைவலியாக இருந்த இடம் ஷோல்டர். தரையில் உருளுகிற பாகமும் பக்கச்சுவரும் சேருகிற ஓரத்தை அப்படித்தான் சொல்வோம். எங்கள் பஸ் டயர்கள் பெரும்பாலும் அங்கேதான் பிரிந்துகொண்டு போயின. பழைய ஆட்கள் அங்கே ரப்பரைக் கூட்டிக் கூட்டித் தடிமனாக்கி வைத்திருந்தார்கள். என் படத்தில் அந்தத் தடிமன்தான் சிவப்பாக வந்தது. ரப்பர் சூட்டை வெளியே விடாது. கூடக்கூட உள்ளேயே வெந்துபோகும். அதனால் ஷோல்டரை இளைக்க வைத்து, உள்ளே நூல் ஓடுகிற சாய்வையும் கொஞ்சம் மாற்றினேன். கம்ப்யூட்டர் மஞ்சள் காட்டியது.

எங்கள் மேனேஜர் கடைசியில் ஒத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொண்ட அழகையும் சொல்ல வேண்டும்.

"ஒரு பஸ்ல போட்டுப் பார்ப்போம். பின்னாடி ஒரு பக்கம் உங்க டயர், இன்னொரு பக்கம் பழைய டயர். உங்களோடது ஜெயிச்சா இந்தக் கம்ப்யூட்டர் வேலை நடக்கும். தோத்தா வாடகையை நிறுத்திடுவேன். நீங்க ரிப்போர்ட் டைப் அடிக்கிற செக்‌ஷனுக்குப் போயிடலாம். டைப் அடிக்கத் தெரியுமில்ல?"

டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை வரைக்கும் பாஸ் பண்ணியவள் நான். "தெரியாது சார்" என்றேன்.

சோதனைக்குக் கிடைத்தது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருந்த ஒரு தனியார் பஸ். டயருக்குக் கஷ்டம் கொடுக்க அதைவிட நல்ல வண்டி கிடைக்காது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைவிட நிற்பவர்கள் அதிகம். மேலே எங்கள் பக்கத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, கோழிக் கூடை, சைக்கிள். கிருத்திகை நாளில் மயிலத்துக்குப் போகிற கூட்டம் ஏறினால் பஸ் ஒரு பக்கமாகவே சாய்ந்து ஓடும். "உங்க ஊர்தானே, அங்கேயே தங்கிப் பார்த்துக்குங்க" என்று என்னை அனுப்பிவிட்டார்கள். திண்டிவனத்தில் அம்மா வீட்டில் தங்கினேன்.

அந்த பஸ்ஸை ஓட்டியவர் திருவாமாத்தூர்க்காரர். ஐம்பதைத் தொட்டவர். தொண்டை கரகரவென்று இருக்கும், ஹாரனுக்கு வேலையே வைக்க மாட்டார், ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினால் மாட்டு வண்டி ஒதுங்கும். ஒரு பொம்பளை டயர் செய்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் என்னைப் பார்த்து முறைத்தார். திண்டிவனத்துப் பெண் என்று தெரிந்ததும் ஆளே மாறிவிட்டார்.

"அப்டியா? நம்ம பக்கத்துப் பொண்ணா? அப்டின்னா இந்த டயரு ஜெயிச்சே ஆவணும் இன்ஜினீர்ம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

உண்மையாகவே பார்த்துக்கொண்டார். பள்ளம் வந்தால் என் டயர் இருக்கிற பக்கத்தை ஒதுக்கி ஓட்டினார். "அண்ணா, அப்படிப் பண்ணக் கூடாது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடணும்" என்று நான் சண்டை போட்ட பிறகு, என் கண் முன்னால் மட்டும் ஒதுக்காமல் ஓட்டினார்.

என் வேலை இதுதான். காலையில் முதல் பஸ் பிடித்து விழுப்புரம் ஷெட்டுக்குப் போய், வண்டி கிளம்புவதற்கு முன்னால், ஆறின டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். கம்பெனி சொன்ன அளவு சரியாக இருக்கும். டிரைவர் விடிகாலையிலேயே காற்றுப் பிடித்து வைத்திருப்பார். சாயங்காலம் திண்டிவனத்தில் பஸ் வந்து நின்றதும், ஷோல்டரில் போட்டு வைத்திருந்த சின்னத் துளையில் ஊசி வைத்த தெர்மாமீட்டரைச் செருகி, உள்ளே என்ன சூடு என்று குறித்துக்கொள்வேன். சூடான டயரில் காற்றை அளக்கக் கூடாது என்பது சோதனை விதி. அந்த அளவை நம்ப முடியாது என்பார்கள். அதனால் சாயங்காலம் காற்றைப் பார்க்க மாட்டேன்.

டூட்டி முடிந்து அந்த வழியாக வந்த அம்மா ஒரு நாள் நின்று பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் நான் முழங்காலிட்டு, ஊசியைச் செருகி, வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காய்ச்சல் பாக்கறியா? எத்தினி டிகிரி?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

காய்ச்சல்தான் அடித்தது. முதல் வாரத்திலிருந்தே என் டயர் பழைய டயரைவிடச் சூடாக இருந்தது. கம்ப்யூட்டர் சொன்னது நேர் எதிர். ஊசி கெட்டுவிட்டதோ என்று வேறு ஊசி வாங்கி வந்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. பக்கத்தை மாற்றி மாட்டிப் பார்த்தேன். எந்தப் பக்கம் மாட்டினாலும் என் டயர்தான் கொதித்தது. பிறகு ஒரு சாயங்காலம் என் டயர் ஒன்றின் ஷோல்டரில் வீக்கம் தெரிந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே ரப்பர் நூலைவிட்டுப் பிரிந்திருப்பது தெரிந்தது. அங்கேயே, பஸ்ஸுக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். தோற்றதற்காக அழவில்லை. எங்கே தப்பு என்று தெரியவில்லையே என்ற ஆத்திரத்தில் அழுதேன்.

மெட்ராஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நான் வர்றேன், வந்து ரிப்போர்ட்டை முடிச்சிடலாம்" என்றார் மேனேஜர். அவர் குரலில் அவ்வளவு உற்சாகத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் வீக்கம் கண்ட டயருக்குப் பதில் என் டயரிலேயே இன்னொன்றை மாட்டிவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நானும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அதுவரை பகலில் நான் அதில் போனதில்லை. காலையும் மாலையும் அளந்தால் போதும் என்றுதானே விதி. உச்சி வெயிலில் விக்கிரவாண்டியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். சாலையின் இரண்டு பக்கமும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கொத்துப் பரோட்டா சத்தம் ஒரு பக்கம். அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. உஸ்ஸ்... உஸ்ஸ்...

இறங்கிப் பார்த்தேன். எங்கள் டிரைவர் கையில் ஒரு ஆணியோடு பின் டயர் பக்கத்தில் குந்தியிருந்தார். பழைய டயரின் வால்வில் ஆணியை வைத்துக் கொஞ்சம் அழுத்தினார், உஸ் என்றது. எழுந்து இந்தப் பக்கம் வந்தார். என் டயரின் வால்வில் வைத்தார். உஸ்ஸ்ஸ்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவே இல்லை.

"அண்ணா! என்ன பண்றீங்க?"

"காத்து எறக்கறேம்மா. காலைல இருந்து வெயில்ல ஓடி, காத்து ஊதிக்கினு கெடக்குது. எறக்கலன்னா வெடிச்சிடும்ல?"

"என் டயர்ல மட்டும் ஏன் இவ்ளோ நேரம்?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "உங்க டயரு ஓரத்துல ஒல்லியா கீதேம்மா. தாங்குமோ தாங்காதோன்னு எனக்கு பேஜாரா இருக்குது. அதான் கொஞ்சம் ஜாஸ்தியா எறக்கி உடறேன். நம்ம பொண்ணு டயரு வெடிச்சிடக் கூடாதுல்ல?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தினமும் மத்தியானம், என் மேல் இருந்த பிரியத்தினாலேயே, என் டயரைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.

சூடானால் உள்ளே காற்று அழுத்தம் ஏறும். அது இயல்பு, டயர் அதைத் தாங்கும். அதை இறக்கிவிட்டால் டயர் தொய்ந்து, உருளும்போது இன்னும் அதிகமாக வளையும். வளைய வளைய இன்னும் சூடாகும். சாயங்காலம் ஷோல்டர் வெந்துபோயிருக்கும். மறுநாள் விடிகாலை மறுபடி காற்றைப் பிடித்து வைத்துவிடுவதால், நான் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். இதை அவரிடம் அங்கேயே, வெயிலில் நின்று, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சொல்றது நல்லாத்தான் கீது. ஆனா நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்து மத்தியானத்துல ஒரு டயருகூட எனக்கு வெடிச்சதில்லம்மா."

"சாயங்காலம் வெடிச்சிருக்கா?"

"அது வெடிக்கும். அது டயரோட தலையெழுத்து."

நான் சுற்றிலும் பார்த்தேன். வரிசையில் இருந்த ஒவ்வொரு லாரிக்குப் பக்கத்திலும் யாராவது ஒருவர் ஆணியோடு குந்தியிருந்தார். உஸ், உஸ் என்று சாலை முழுக்கச் சத்தம். இவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் நாங்கள் டயர் செய்துகொண்டிருந்தோம். எங்கள் விதிப் புத்தகத்தில் இந்த மத்தியானமே இல்லை. பழைய ஆட்களின் முறையில் இல்லை, சரி. கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பீற்றிக்கொண்டிருந்த என் கணக்கிலும் இல்லை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது, அதைவிட அந்தப் புத்தகத்தின் மேலே வந்தது.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் விழுப்புரம் ஷெட்டுக்கு வந்தார். பஸ் முதலாளியும் இருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் என்னைக் கேலி செய்வார் என்று நினைத்திருந்தேன். மாறாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அப்போ உங்க கணக்கு சரிதானே! டயர் தோக்கல. அந்த ஆள் கெடுத்துட்டான். அவ்ளோதான், எழுதுங்க. 'டிரைவர் விதியை மீறிக் காற்றை இறக்கினார், அதனால் சோதனை செல்லாது.' கையெழுத்துப் போடுங்க. அடுத்த சோதனைல வால்வுக்கு சீல் வெச்சிடலாம். வாடகைக்குக் குடுத்த காசுக்கு நானும் பதில் சொல்ல வேண்டாம். கம்ப்யூட்டர் வேலை நடக்கும், நானே மேலிடத்துல சொல்றேன்."

பஸ் முதலாளி குறுக்கே வந்தார். "கம்பெனிக்காரங்க அப்படி எழுதிக் குடுத்தா, நாளைல இருந்து இந்த வண்டில வேற ஆளு. என்னால பேஜார் புடிச்சிக்கினு இருக்க முடியாது சார். டயரு நீங்க குடுக்கறது, உங்களப் பகைச்சிக்க முடியுமா?"

டிரைவர் கொஞ்சம் தள்ளி, வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்து, சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தக் கைகுலுக்கல் எனக்கு இனித்தது. உங்க கணக்கு சரி என்று அந்த மனிதர் வாயால் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! ஒரு வரி எழுதினால் போதும், என் முக்கோணங்கள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த வரி பொய். அவர் விதியை மீறவில்லை. அந்த விதியை யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தாலும், அந்தச் சாலையில் எத்தனை ஆணி, எத்தனை பேருக்கு சீல் வைப்பது?

"சார், கடைக்கு அனுப்பற டயருக்கும் வால்வுல சீல் வெச்சுத்தான் விக்கப் போறோமா?" என்று கேட்டேன்.

"அது எப்படி முடியும்?"

"அப்போ சோதனைல மட்டும் எதுக்கு சீல்? இந்த ரோட்ல இப்படித்தான் ஓடும். இப்படி ஓடினா என் டயர் செத்துப்போகுது. அப்போ கணக்குதான் தப்பு."

"உங்களுக்குப் பைத்தியமா? ஜெயிச்சதைத் தோத்துட்டேன்னு எழுதறேங்கறீங்க. அப்புறம் நான் சொன்னது சொன்னதுதான். டைப் செக்‌ஷன்."

"தெரியும் சார். பேனா குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. பஸ் முதலாளியின் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டேன். கணக்கு தப்பு, மத்தியானத்தில் காற்று இறக்கும் வழக்கத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

அவர் போனதும் டிரைவர் வந்தார். "என் பேரு எழுதலியா நீ?" என்றார். அன்றுதான் முதல்முறையாக என்னை "நீ" என்றார்.

"உங்க பேரு எதுக்குண்ணா? தப்பு கணக்குல."

"கணக்குல எப்டிம்மா தப்பு வரும்? அதான் கம்ப்யூட்டரு போடுதே?"

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "உனக்கு இன்னாத்துக்கு இந்தத் திமிரு? அந்த டிரைவரு உனக்கு மாமனா மச்சானா? அவங்க சொன்னத எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வர்றத விட்டுட்டு வம்ப வாங்கிக்கினு வந்து நிக்கிற!"

எனக்கும் கோபம் தலைக்கேறியது. "உங்க ஆஸ்பத்திரிக்கு ஒருத்தன் அடிபட்டு வர்றான். குடிச்சிட்டு விழுந்து அடிபட்டான். நீ குடிச்சது தப்பு, போடான்னு திருப்பி அனுப்புவியா?"

"எதுக்கு அனுப்பறேன்? திட்டிக்கினே கட்டுப் போடுவேன்" என்றாள்.

"நானும் திட்டிக்கினேதான் டயர் பண்ணப் போறேன்."

"எதை வெச்சுப் பண்ணுவ? டைப்பு மெஷின வெச்சா?" என்றாள் அம்மா. ஆனால் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

டைப் செக்‌ஷனில் உட்கார வைத்தார்கள். எனக்கு டைப் தெரியும் என்பது அரை மணி நேரத்தில் வெளியாகிவிட்டது, அதற்கும் ஒரு சிரிப்பு. சிரிக்கட்டும் என்று விட்டேன். வாடகை எடுத்திருந்த கம்ப்யூட்டர் நேரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வேலையை நிறுத்தச் சொன்னார்களே தவிர, மிச்ச நேரத்தை என்ன செய்வது என்று யாரும் உத்தரவு போடவில்லை. கல்லூரி ரிஜிஸ்டரில் அந்த நேரம் என் பேரில்தான் பதிவாகியிருந்தது. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார்கள், எதற்குக் கேட்க வேண்டும்?

இந்த முறை கம்ப்யூட்டருக்குள் விழுப்புரம் சாலையை அப்படியே இறக்கினேன். காலையில் சரியான காற்று. தார் கொதிக்கிற ரோடு. கூரை மேல் மல்லாட்டை மூட்டை. உச்சி வெயிலில் விக்கிரவாண்டி, ஒரு ஆணி, உஸ். அதற்குப் பிறகு தொய்ந்த டயரோடு சாயங்காலம் வரை ஓட்டம். முதலில் பழைய தடித்த ஷோல்டரை ஓட்டினேன். வெந்தது. என் ஒல்லி ஷோல்டரை ஓட்டினேன். அதைவிடச் சீக்கிரமாக வெந்தது. முறையான காற்று இருக்கிறவரை அது நல்ல டயர்தான். காற்று குறைந்தால் தாங்கிப் பிடிக்க உடம்பு இல்லை. காகிதத்தில் வந்த சூடும், நான் முழங்காலிட்டு ஊசி வைத்து எடுத்த சூடும் ஏறக்குறைய ஒன்றாக வந்தபோது, நான் போட்ட சத்தத்தில் கம்ப்யூட்டர் அறைக்காரர் ஓடி வந்து என்னம்மா ஆச்சு என்றார்.

"மத்தியானம் சரியா வந்திருச்சு சார்" என்றேன். அவர் வாசலில் வெயிலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மிச்சமிருந்த நேரம் தீருகிறவரை ஷோல்டரை மாற்றி மாற்றி ஓட்டினேன். பக்கச்சுவரின் மேல்பாகத்தை விறைப்பாக்கினால், காற்று குறைந்தாலும் வளைவது ஷோல்டரில் வந்து குவியவில்லை. ஓரத்தில் குறுக்கே சின்னச் சின்னப் பள்ளங்களாகக் காடி வெட்டினால் சூடு வெளியேறியது. கடைசி ஓட்டத்தில், ஆணி குத்திய பிறகும், சாயங்காலம் படம் மஞ்சளில் நின்றது. பென்சிலைக் கீழே வைக்க மனமில்லாமல் மஞ்சள் மேலேயே மஞ்சளைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை, வீங்கிப் பிரிந்த டயரிலிருந்து அறுத்த துண்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை. துண்டை அவர் மேஜை மேல் வைத்து, பக்கத்தில் என் படத்தை விரித்தேன். படத்தில் சிவப்பு எங்கே இருந்ததோ, துண்டில் அங்கேதான் பிரிந்திருந்தது. அவர் துண்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி துண்டைப் பார்த்தார். கம்ப்யூட்டர் நேரம் யார் கொடுத்தது என்று கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

"காத்து இறக்கினாலும் தாங்கும்னு வெளியில சொல்லக் கூடாது. சொன்னா எல்லாரும் இறக்குவான்" என்றார் கடைசியில்.

"சொல்லாதீங்க. டயரைப் பண்ணுங்க."

டயர் ஆயிற்று. அதே பஸ், அதே சாலை, ஓட்டுகிறவரும் அவரேதான். ஸ்டியரிங்கில் அவரைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்தது. வால்வில் சீல் வைக்கவில்லை. இறக்காதீர்கள் என்று ஒரு தடவை சொன்னேன், திட்டியும் சொன்னேன். தலையை ஆட்டினார். மத்தியானம் விக்கிரவாண்டியில் உஸ் என்றது. இந்த முறை ஆணியை இரண்டு பக்கமும் சமமாகக் குத்தச் சொன்னேன், அதை மட்டும் கேட்டார். சாயங்காலம் திண்டிவனத்தில் முழங்காலிட்டு ஊசி வைத்தேன். பழைய டயர் கொதித்தது, என் டயர் வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வெயில் காலம் முடிகிறவரை அது வீங்கவில்லை, பிரியவில்லை. என்னை டைப் செக்‌ஷனிலிருந்து கூப்பிட்டுக்கொண்டார்கள். திரும்ப வரச் சொன்ன உத்தரவை என்னையே டைப் அடிக்கச் சொன்னார்கள், அதையும் அடித்துக் கொடுத்தேன்.

சோதனையின் கடைசி நாளில் நானும் மத்தியான வண்டியில் போனேன். விக்கிரவாண்டியில் டிரைவர் ஆணியை எடுத்துக்கொண்டு இறங்கினார். என் டயரைக் கையால் தட்டினார். தேய்ந்திருந்தது, ஆனால் ஓரம் கெட்டியாக இருந்தது. அவர் முகத்தில் அத்தனை பெருமை.

"பாத்தியாம்மா? அன்னைக்கு இன்னாமோ கோவிச்சிக்கினு கத்துனியே. நான் நாள் தவறாம காத்து எறக்குனதாலதான் உன் டயரு நின்னுச்சு."

"இல்லண்ணா. நீங்க எறக்கியும் நின்னுச்சு."

"சர்தான் போ" என்று சிரித்தபடி குந்தி, வால்வில் ஆணியை வைத்தார்.

நான் அவர் பக்கத்திலேயே போய் நின்றேன். சாலை முழுக்க உஸ் உஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தது. இவர் ஒருவருக்காக அல்ல, இந்த வரிசையில் குந்தியிருந்த அத்தனை பேருக்காகவும் போட்ட கணக்கு அது.

"எறக்குங்கண்ணா" என்றேன். "இன்னும் எறக்குங்க. பாத்துடலாம்."